பில்லி காஸ்பருக்கு என்ன தெரியும்? பிரிட்டிஷ் சினிமாவில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்

2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் 'அடோலசன்ஸ்' தொடர் வெளியானது. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். உடன் படிக்கும் பெண்ணைக் கத்தியால் குத்திக் கொன்றதாக ஒரு 13 வயதுப் பையனை விடிகாலையில் போலீஸ் வந்து பிடித்துப்போகிறது. அப்பா பிளம்பர். குடிகாரர் இல்லை, பிள்ளையை அடிப்பவரும் இல்லை. தொடரைப் பள்ளிகளில் காட்டும் யோசனையைப் பிரதமர் கெயர் ஸ்டார்மர் ஆதரித்தார். பிரிட்டனின் உயர்நிலைப் பள்ளிகள் இலவசமாகத் திரையிட நெட்ஃபிளிக்ஸும் வழி செய்தது. பையனாக நடித்த ஓவன் கூப்பர் 15 வயதிலேயே எம்மி விருது வாங்கினார்.

தொடரைப் பார்த்த பலருக்கும் வந்த கேள்வி இது: பிரிட்டனில் சாதாரண வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் இருக்கிறார்களா? ஒரு தொடரை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் தேடினால் தடுமாறித்தான் போவோம். அறுபது வருடங்களுக்கும் மேலாகப் பிரிட்டிஷ் சினிமா தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைப் படம் பிடித்து வருகிறது. அதில் சில அச்சுகள் உருவாகிவிட்டன. குடிகார அப்பா, அடிதடி வீடு, அதனால் கெட்டுப்போகும் பிள்ளை என்பது அவற்றுள் ஒன்று. 'அடோலசன்ஸ்' வேண்டுமென்றே அந்த ஒன்றைத் தவிர்க்கிறது. அப்பாவாக நடித்து, தொடரை எழுதியவர்களில் ஒருவராகவும் இருக்கும் ஸ்டீபன் கிரகாம் இந்த வரலாற்றுக்கு உள்ளிருந்தே வந்தவர். 2006இல் எடுக்கப்பட்ட 'திஸ் இஸ் இங்கிலாந்து' படத்தில், பிள்ளைகளை இனவெறிக்கு இழுத்துப்போகும் கோம்போ அவர்தான்.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு உதவிய கேள்வி ஒன்றே ஒன்று: திரையில் இருக்கும் பிள்ளைக்கு எதில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, படம் அதை மதிக்கிறதா?

முதலில் சில அடிப்படைகள்

1. வர்க்கம். பிரிட்டனில் 'தொழிலாளர் வர்க்கம்' என்று சொல்லும்போது வருமானம் மட்டும் கணக்கில் வருவதில்லை. அப்பா அம்மா என்ன வேலை பார்த்தார்கள், எந்தப் பள்ளியில் படித்தாய், பேச்சில் எந்த ஊர் வாடை அடிக்கிறது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அது. வாயைத் திறந்த உடனே ஆளை எடைபோட்டுவிடும் நாடு அது. அதனால் இந்தப் படங்களில் யார் எந்த வழக்கில் பேசுகிறார்கள் என்பது கதையின் ஒரு பகுதி.

2. கவுன்சில் குடியிருப்பு. உள்ளூராட்சி மன்றம் கட்டி, குறைந்த வாடகைக்கு விடும் வீடுகள். 1970களின் இறுதியில் நாட்டின் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவற்றில்தான் இருந்தது. ஆக, அங்கே இருப்பது வெகு சாதாரணமான விஷயம். 1980இல் மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டம், குடியிருப்பவரே வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றது. நல்ல வீடுகள் விற்றுப்போயின, புதிதாகக் கட்டுவது வெகுவாகக் குறைந்தது. மிஞ்சியவை மெல்ல மெல்ல 'வேறு போக்கிடம் இல்லாதவர்களின் இடம்' என்று பெயர் வாங்கின. சினிமாவில் அடுக்குமாடி கவுன்சில் கட்டடம் ஆபத்தின் அடையாளமாக மாறியதற்குப் பின்னால் இந்த மாற்றம் இருக்கிறது.

3. பள்ளி. 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு, 11 வயதில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். தேறியவர்கள் மேற்படிப்புக்குத் தயார்செய்யும் 'கிராமர்' பள்ளிக்குப் போனார்கள். தேறாத பெரும்பான்மையினருக்கு 'செகண்டரி மாடர்ன்'. அங்கிருந்து 15 வயதில் நேராக வேலைக்கு. பள்ளியை விடும் வயது 1972இல்தான் 16 ஆனது.

மூன்றாவதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்து வரும் படத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

'கெஸ்': எல்லாவற்றுக்கும் அடித்தளம்

பாரி ஹைன்ஸின் நாவலை வைத்து கென் லோச் 1969இல் எடுத்த படம். இடம் வட இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி, நிலக்கரிச் சுரங்க ஊர். பில்லி காஸ்பருக்கு 15 வயது, பள்ளி முடியப்போகிறது. காலையில் எழுந்து பேப்பர் போடுகிறான். அண்ணன் ஜட் சுரங்கத் தொழிலாளி. தம்பியை அடித்தே பழகியவன். பில்லி கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறின் குஞ்சு ஒன்றைப் பிடித்துவந்து பழக்குகிறான். கதை அவ்வளவுதான்.

பறவையைப் பழக்குவது எப்படி என்று படிக்க அவன் முதலில் நூலகத்துக்குப் போகிறான். உறுப்பினராக வேண்டும், பெரியவர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். அங்கிருந்து ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போய்ப் புத்தகத்தைத் திருடிக்கொண்டு வருகிறான். திருட்டுப் பையன் என்று ஊர் சொல்லும். படம் நமக்குக் காட்டுவதோ படிக்க ஆசைப்பட்டு, வழி அடைபட்டு நிற்கும் ஒரு பையனை.

நடுவில் ஒரு வகுப்பறைக் காட்சி. ஆங்கில ஆசிரியர் ஃபார்த்திங், உண்மைச் சம்பவத்துக்கும் கற்பனைக்கும் உள்ள வித்தியாசத்தை நடத்திக்கொண்டிருக்கிறார். உன்னைப் பற்றி ஏதாவது சொல் என்று பில்லியை எழுப்புகிறார். பில்லி நெளிகிறான், ஒன்றும் வரவில்லை. 'அவன் வல்லூறு வளர்க்கிறான் சார்' என்று இன்னொரு பையன் எடுத்துக்கொடுக்கிறான். பில்லி தயங்கித் தயங்கி ஆரம்பிக்கிறான். பறவையின் காலில் கட்டும் தோல்வார், அதில் மாட்டும் சுழல் வளையம், அதிலிருந்து போகும் கயிறு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். ஆசிரியருக்குத் தெரியாத சொல் ஒன்று வருகிறது. கரும்பலகையில் எழுதச் சொல்கிறார். பில்லி எழுதுகிறான். அப்புறம் கயிற்றை அவிழ்த்துவிட்டு முதன்முதலாகச் சுதந்திரமாகப் பறக்கவிட்ட அன்று எப்படி இருந்தது என்று சொல்லச் சொல்ல, வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது. அந்தச் சில நிமிடங்களுக்கு அந்த அறையில் அதிகம் தெரிந்தவன் அவன்தான், ஆசிரியர் மாணவராகிவிடுகிறார். மதிய இடைவேளையில் பறவையைப் பார்க்க வயல்வெளிக்கே வந்துவிடுகிறார்.

இந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் பள்ளி என்ன செய்கிறது? தலைமை ஆசிரியர் பையன்களை வரிசையில் நிறுத்திப் பிரம்பால் அடிக்கிறார். வேறு ஆசிரியர் கொடுத்தனுப்பிய சேதியைச் சொல்ல வந்த ஒரு சின்னப் பையனும் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டு அடி வாங்குகிறான். பிறகு வேலை வழிகாட்டும் அதிகாரி வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுகிறார். அலுவலக வேலையா, உடல் உழைப்பா என்று கேட்கிறார். சுரங்கத்துக்குள் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறான் பில்லி. அவன் சொல்வதை எழுதிக்கொள்ள அவர் கையில் உள்ள படிவத்தில் இடமே கிடையாது. காட்டுப் பறவையைப் பொறுமையால் பழக்கியவனை அந்த அமைப்பு ஒரு கூலியாளாக மட்டுமே பார்க்கிறது. படத்தின் கோபம் முழுக்க இங்கேதான் குவிகிறது. பறவைக்கு நேரும் கொடுமை அதற்குப் பிறகுதான் வருகிறது. அதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன்.

பில்லியாக நடித்த டேவிட் பிராட்லி அந்த ஊர்ப் பள்ளி மாணவர். விளையாட்டு ஆசிரியராக வரும் பிரையன் குளோவர் நிஜத்திலும் பார்ன்ஸ்லியில் ஆசிரியராக இருந்தவர், மல்யுத்த வீரரும்கூட. அந்த ஊர்ப் பேச்சு மற்றவர்களுக்குப் புரியாது என்று விநியோகத் தரப்பில் தயங்கினார்கள். சில வசனங்களை மறுபடி பதிவுசெய்ய வேண்டி வந்தது. தன் நாட்டுப் பிள்ளையின் பேச்சே நாட்டுக்குப் புரியாமல் போகுமோ என்ற அந்தச் சந்தேகம் சாதாரணமானதல்ல.

தப்பித்துப் போகும் பிள்ளை

'கெஸ்' வந்து 31 வருடம் கழித்து வந்தது 'பில்லி எலியட்'. இதுவும் சுரங்க ஊர், இதுவும் ஒரு பில்லி. டர்ஹாம் வட்டாரம், சுரங்கங்களை மூடுவதை எதிர்த்து நடந்த 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். 11 வயதுப் பையன் குத்துச்சண்டை வகுப்பிலிருந்து நழுவி பாலே நடனம் கற்கிறான். லண்டனில் பாலே பள்ளியின் தேர்வுக்கு அனுப்பப் பணம் இல்லை. உயிரைக் கொடுத்து வேலைநிறுத்தத்தில் நின்ற அப்பா, மகனுக்காக அதை முறித்துக்கொண்டு பேருந்தில் ஏறி வேலைக்குப் போகிறார். மூத்த மகன் ஓடிவந்து தடுக்கும்போது அவர் உடைந்து அழும் காட்சியைக் கல்நெஞ்சக்காரர்களும் தாங்க மாட்டார்கள்.

நல்ல படம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இது உருவாக்கிய அச்சு சங்கடமானது. திறமை உள்ள ஒரு பிள்ளை ஊரைவிட்டுப் போய்விட்டால் கதை சுபமாக முடிந்துவிடுகிறது. பில்லி தேர்வான சேதியைச் சொல்ல அப்பா ஓடிப்போகும்போது, வேலைநிறுத்தம் தோற்றுவிட்டது என்ற சேதி எதிரே வருகிறது. பிறகு அவரும் மூத்த மகனும் சுரங்க லிஃப்டில் கீழே இறங்குகிறார்கள். படம் அதை மறைக்கவில்லை, ஆனால் சட்டென்று தாண்டிப்போகிறது. படப்பிடிப்பு நடந்த ஈசிங்டனின் சுரங்கம் 1993இலேயே மூடப்பட்டுவிட்டது; நாட்டின் கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசம்பரில். பாலே ஆடத் தெரியாத மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதுதான் அடுத்த இருபது வருடப் பிரிட்டிஷ் வாழ்க்கை.

அந்தப் பக்கத்தைக் கென் லோச்சே எடுத்தார். 'ஸ்வீட் சிக்ஸ்டீன்', 2002, ஸ்காட்லாந்தின் கிரீனக். கப்பல் கட்டும் தொழில் நொடித்துப்போன ஊர். லியாமின் அம்மா சிறையில் இருக்கிறார், சீக்கிரம் வெளியே வரப்போகிறார். அவருக்காக ஒரு கேரவன் வீடு வாங்க வேண்டும் என்பது மகனின் கனவு. அதற்குப் போதைப்பொருள் விற்கிறான். பீட்சா கொண்டுபோகும் பையன்களை வைத்தே சரக்கை வீட்டுக்கு வீடு சேர்க்கும் ஏற்பாடு செய்கிறான். திட்டமிடுவது, ஆள் பிடிப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் கைவந்த கலை. வேறு வீட்டில் பிறந்திருந்தால் 'தொழில்முனைவோர்' என்று மேடை ஏற்றியிருப்பார்கள். பவுல் லாவர்ட்டியின் திரைக்கதைக்கு அந்த ஆண்டு கான் விழாவில் விருது கிடைத்தது.

பயமுறுத்தும் பிள்ளை

இந்த அச்சு செய்திகளிலிருந்து சினிமாவுக்கு வந்தது. வந்த வழி இது:

1. 1998ஆம் ஆண்டின் குற்றச் சட்டம், 'சமூகவிரோத நடத்தை'க்கு எதிரான ஆணைகளைக் கொண்டுவந்தது. இந்தத் தெருவுக்கு வரக் கூடாது, இந்த ஆளோடு சேரக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட முடிந்தது. மீறினால் தண்டனை. 10 வயதிலிருந்தே பிள்ளைகள் மீது பாய்ந்தது.

2. 2005இல் கென்ட் மாவட்டத்தின் புளூவாட்டர் வணிக வளாகம், தலையை மூடும் ஹூடி அணிந்து வருவதைத் தடை செய்தது. ஒரு சட்டை அச்சத்தின் சின்னமானது.

3. அடுத்த ஆண்டு, அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டேவிட் கேமரூன் இந்தப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று பேசினார். 'ஹூடியைக் கட்டிப்பிடிக்கச் சொல்கிறார்' என்று எதிர்த்தரப்பும் பத்திரிகைகளும் கேலி செய்தன.

4. 2008இல் 'ஈடன் லேக்', 2009இல் 'ஹாரி பிரவுன்'. முன்னதில் ஏரிக்கரைக்கு விடுமுறை போகும் இணையை உள்ளூர்ப் பிள்ளைகள் சித்திரவதை செய்கிறார்கள். பின்னதில் மைக்கேல் கெய்ன், தன் குடியிருப்பின் இளைஞர்களைத் துப்பாக்கியால் தீர்க்கும் முதியவர்.

'ஈடன் லேக்' தொழில்நுட்பத்தில் கச்சிதமான திகில் படம். அதனாலேயே அது செய்யும் தீங்கு பெரிது. தப்பி ஓடும் நாயகி கடைசியில் ஒரு வீட்டில் தஞ்சம் புகுகிறாள். அது அந்தப் பிள்ளைகளில் ஒருவனுடைய வீடு. பெற்றோரும் அதே ரகம். ஒரு பையன் கெட்டவன் என்பதைத் தாண்டி, அந்த வகை மனிதர்கள் எல்லோருமே அப்படித்தான் என்கிறது முடிவு. 'திஸ் இஸ் இங்கிலாந்து' படத்தில் நம் நெஞ்சை உருக்கிய சிறுவன் தாமஸ் டர்கூஸ் இந்தப் படத்தில் அந்தக் கும்பலில் ஒருவன். பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருந்தது.

இந்த அச்சைத் தலைகீழாகப் புரட்டியது ஜோ கார்னிஷின் 'அட்டாக் தி பிளாக்', 2011. தெற்கு லண்டன் குடியிருப்பின் பையன்கள் முகத்தை மூடிக்கொண்டு ஒரு செவிலியரிடம் வழிப்பறி செய்வதில் தொடங்குகிறது. சரி, வழக்கமான ஹூடி படம் என்று உட்கார்ந்தால் வேற்றுக்கிரகப் பிராணிகள் வந்து விழுகின்றன. அந்தக் கட்டடத்தை இந்தப் பையன்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை: எந்தப் படிக்கட்டு எங்கே போகும், யாரிடம் சாவி இருக்கும், எந்த வழியாகத் தப்பலாம் என்று எல்லாம் தெரியும். அவர்களின் அறிவுதான் எல்லோரையும் காப்பாற்றுகிறது. தலைவன் மோசஸின் வீட்டுக்குள் போகும் செவிலியர், அவன் படுக்கையில் ஸ்பைடர்மேன் விரிப்பைப் பார்க்கிறார். தன்னை மிரட்டியது ஒரு குழந்தை என்று அப்போதுதான் அவருக்குப் புரிகிறது. மோசஸாக நடித்தவர் ஜான் பொயேகா. அதுதான் அவருடைய முதல் படம்.

தெற்கு லண்டனின் ஹெய்கேட் குடியிருப்பில் 'ஹாரி பிரவுன்', 'அட்டாக் தி பிளாக்' இரண்டுக்கும் படப்பிடிப்பு நடந்தது. சுமார் 1,200 வீடுகள் கொண்ட அந்த இடத்தை வெளியேற்றிக்கொண்டிருந்த காலம் அது. பிறகு இடித்தே விட்டார்கள்.

பெண் பிள்ளைகள்

ஆரம்பத்தில் இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் கோபக்கார ஆண்களைப் பற்றியவை. விதிவிலக்கு 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி', 1961. சால்ஃபோர்டைச் சேர்ந்த ஷீலா டெலானி 19 வயதில் மேடையேற்றிய நாடகத்தை வைத்து எடுத்த படம் அது. பள்ளிப் பெண் ஜோ, கறுப்பினக் கப்பல் பணியாளரின் குழந்தையைச் சுமக்கிறாள். ஓரினச்சேர்க்கையாளரான நண்பன் அவளைப் பார்த்துக்கொள்கிறான். அந்தக் காலத்தில் இதை இவ்வளவு இயல்பாகச் சொன்னது பெரிய விஷயம்.

ஆண்ட்ரியா ஆர்னால்டின் 'ஃபிஷ் டேங்க்' 2009இல் வந்தது. எசெக்ஸ் எல்லையோரக் குடியிருப்பில் வாழும் 15 வயது மியா, காலி வீடொன்றில் தனியாக நடனம் பழகுகிறாள். திரை ஏறக்குறைய சதுரமாக இருப்பதால் அவளைச் சுற்றி இடமே இல்லை. நடனத் தேர்வுக்குப் போகிறாள். அது ஆடை களைந்து ஆடும் விடுதி என்று மேடையில் நின்ற பிறகுதான் தெரிகிறது. இறங்கி நடந்துவிடுகிறாள். 'பில்லி எலியட்' தேர்வுக் காட்சியையும் இதையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

'ஈடன் லேக்' படத்தில் பிள்ளைகளின் கையில் சிக்கும் நடுத்தர வர்க்க ஆணாக நடித்தவர் மைக்கேல் ஃபாஸ்பெண்டர். அடுத்த வருடமே 'ஃபிஷ் டேங்க்' படத்தில் அம்மாவின் காதலராக வந்து, மியாவின் நம்பிக்கையைப் பெற்று, அவளைத் தன் இச்சைக்குப் பயன்படுத்திக்கொண்டு, ஒழுங்கான தெருவில் இருக்கும் தன் மனைவி மகளிடம் திரும்பிப் போகிறவரும் அவரே. யார் யாருக்கு ஆபத்து என்ற கேள்விக்கு இந்த இரண்டு படங்களும் எதிரெதிர் பதில் சொல்கின்றன. எனக்கு ஆர்னால்டின் பதிலில்தான் உண்மை தெரிகிறது.

'ராக்ஸ்' (2019) கிழக்கு லண்டன். அம்மா கொஞ்சம் பணத்தையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். தம்பியைக் குழந்தைகள் நலத் துறையினர் பிரித்துவிடக் கூடாது என்று மகள் அவனோடு தோழிகளின் வீடு வீடாக ஒளிகிறாள். வீடு நடத்தத் தெரிந்த பெண். ஆனால் அவள் செய்ய வேண்டிய வேலை இல்லை அது. கதை சோகம்தான், இருந்தும் படம் முழுக்கச் சிரிப்புச் சத்தம். காரணம், எழுதுவதற்கு முன்பே மாதக்கணக்கில் லண்டன் மாணவிகளோடு உட்கார்ந்து பேசிப் பாத்திரங்களை உருவாக்கினார்கள்.

யாரைக் கொண்டு எடுக்கிறார்கள்?

இந்தப் படங்களில் பாதிக்கு மேல் புதுமுகங்கள். 'ஃபிஷ் டேங்க்' நாயகி கேட்டி ஜார்விஸை டில்பரி ரயில் நிலையத்தில், காதலனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தார்கள். முழுத் திரைக்கதையை முன்கூட்டிக் கொடுக்காமல், கதை வரிசைப்படியே படமாக்குவது லோச், ஆர்னால்டு இருவரின் வழக்கம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத முகத்தில் வரும் உணர்ச்சியை நடிப்பால் கொண்டுவர முடியாது என்பது அவர்கள் கட்சி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'கெஸ்' பிரம்படிக் காட்சியில் பிள்ளைகளுக்கு விழுந்தது நிஜ அடி. இன்று யாரும் அப்படிச் செய்யத் துணிய மாட்டார்கள். படம் முடிந்த பிறகு என்ன என்பது இன்னொரு கேள்வி. ஜார்விஸ் ஒரு கடையில் பாதுகாவலராக வேலை பார்ப்பதை 2019இல் ஒரு பத்திரிகை பெரிய வீழ்ச்சியாக எழுதியது. உழைத்துச் சாப்பிடுவதில் என்ன அவமானம் என்று நடிகர்கள் பலர் வெகுண்டெழுந்தார்கள். தொழிலாளர் வீட்டுப் பெண்ணின் முகத்தைத் திரையில் கொண்டாடிவிட்டு, அவள் தொழிலாளியாக இருப்பதைப் பரிகசிக்கும் மனநிலை கேவலமானது.

யார் பார்க்க முடிகிறது?

பிரிட்டனில் தணிக்கை வாரியம் 15, 18 என்று வயதுச் சான்றிதழ் தரும். 'ஸ்வீட் சிக்ஸ்டீன்' கதாநாயகனுக்கு 15 வயது. கெட்ட வார்த்தைகளுக்காகப் படத்துக்கு 18 கிடைத்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் அன்றாடம் பேசும் பேச்சுத்தான் குற்றம். 'திஸ் இஸ் இங்கிலாந்து' படத்துக்கும் 18தான். இனவெறி வன்முறையும் வசவும் காரணம். வெளியானபோது நாயகன் டர்கூஸுக்கே வயது 15. இனவெறி அமைப்பு ஒரு சிறுவனை எப்படி வளைக்கிறது என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன படத்தை, வளைக்கப்படும் வயதினர் பார்க்கக் கூடாது என்றாகிவிட்டது. இயக்குநர் ஷேன் மெடோஸ் வெளிப்படையாக எதிர்த்தார். சட்டப்படி உள்ளூராட்சி மன்றம் வாரியத்தின் முடிவை மாற்றலாம். பிரிஸ்டல் நகரம் அதைப் பயன்படுத்தி 15 ஆக்கியது. 'ராக்ஸ்' இந்த இடத்தில் கவனமாக இருந்தது. 12 வயதுப் பிள்ளைகளும் பார்க்கும்படி சான்றிதழ் பெற்றது.

சான்றிதழ் கிடைத்தாலும் கதவு திறந்தே இருக்கும் என்று சொல்ல முடியாது. தெற்கு லண்டனில் இரண்டு நண்பர்களை வட்டாரப் பகை பிரித்து அழிப்பதைச் சொல்லும் 'புளூ ஸ்டோரி' 2019 நவம்பரில் வெளியானது. எடுத்தவர் அந்தப் பகுதியிலேயே வளர்ந்த ராப்மேன். பர்மிங்காமில் ஒரு திரையரங்க வளாகத்தில் இளைஞர்களிடையே கைகலப்பு நடந்ததும், வியூ நிறுவனம் நாடெங்கும் தன் அரங்குகளிலிருந்து படத்தை எடுத்துவிட்டது. வன்முறைக்கு எதிரான படத்தைத் தண்டிப்பதா என்று பலத்த எதிர்ப்பு கிளம்பிய பிறகு, சில நாட்களில் கூடுதல் காவலோடு மறுபடி திரையிட்டார்கள்.